பிள்ளையின் மனவுறுதியும் பக்கத்தில் இருக்கும் பெரியவரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் 31 ஆண்டுகள் கற்பித்தேன். கடைசி ஒன்பது ஆண்டுகள் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் என்று பெயர். விளையாட்டுப் பொருட்கள் வைக்கும் அறையின் மூலையில் ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும் தந்திருந்தார்கள். அந்தக் கதிரையில் வந்து உட்கார்ந்த பெற்றோரும், இப்போது சந்தையிலும் பஸ் தரிப்பிடத்திலும் மறித்துப் பேசுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேட்டவர்களின் சொற்களை அதிகம் மாற்றவில்லை.

சில பிள்ளைகள் எதையும் தாங்குகிறார்கள். சிலர் சின்ன விடயத்துக்கே உடைந்துபோகிறார்கள். இது பிறவிக் குணம்தானே டீச்சர்?

பிறவிக் குணத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் நாம் அதன் தலையில் கட்டிவிடும் அளவுக்கு இல்லை.

ஹவாய்த் தீவுகளில் கவாய் என்று ஒன்று இருக்கிறது. அங்கு 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வேர்னர், ரூத் ஸ்மித் என்ற இரண்டு பெண் ஆய்வாளர்கள் அந்தப் பிள்ளைகளின் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 200 பேருடைய ஆரம்பம் மிகக் கடினமானது. வறுமை, சிக்கலான பிரசவம், குடி, ஓயாத சண்டை, தாய் தகப்பனின் மனநோய் என்று நான்கைந்து பாரங்கள் ஒன்றாக விழுந்தவர்கள். மூன்றில் இரண்டு பங்கினர் பதின்ம வயது முடிவதற்குள் படிப்பிலோ நடத்தையிலோ சறுக்கினார்கள். மற்ற 72 பேர் சறுக்கவில்லை. படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், அன்பான மனிதர்களாகவும் ஆனார்கள்.

அவர்களிடம் என்ன இருந்தது என்று தேடியபோது, யாரோடும் எளிதில் ஒட்டிக்கொள்ளும் சுபாவம் சிலருக்கு இருந்தது தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. அவர்களுக்கு ஒரு ஆள் இருந்தார். பாட்டி, மாமி, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர் என்று யாராவது ஒருவர் அந்தப் பிள்ளையைத் தன் பிள்ளையாக எண்ணி, விட்டுப்போகாமல் நின்றிருந்தார்.

கடலில் நீந்தப் பழகிய யாருக்கும் இது புரியும். அப்பாவோ மாமாவோ வயிற்றின் கீழே கையைக் கொடுத்துப் பிடிப்பார். கொஞ்ச நாளில் அந்தக் கை தொட்டும் தொடாமலும் இருக்கும். பிறகு ஒருநாள் இருக்காது, நாம் கவனித்திருக்கவும் மாட்டோம். நீந்துவது பிள்ளைதான். ஆனால் கையே இல்லாமல் ஆழத்தில் தள்ளிவிட்டு, "நல்ல துணிச்சல்காரன், தானாகப் பழகிவிடுவான்" என்று கரையில் நின்று சொல்வதை வீரம் வளர்ப்பது என்று என்னால் ஏற்க முடியாது.

அந்த ஆள் தாயோ தகப்பனோ ஆகத்தான் இருக்க வேண்டுமா?

இல்லை. தாயும் தகப்பனும் நல்லது, ஆனால் கட்டாயம் இல்லை. இந்த ஊரில் எத்தனை அம்மம்மாக்கள், மூத்தம்மாக்கள், கலியாணம் செய்யாத சித்திகள், பாடசாலை வான் ஓட்டும் மாமாக்கள் அந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அறநெறிப் பாடசாலை ஆசிரியை, குர்ஆன் மத்ரசாவில் ஓதிக்கொடுக்கும் ஹஸ்ரத், உதைபந்தாட்டம் பழக்கும் அண்ணன் என்று யாரும் ஆகலாம். கேட்டுப் பார்க்க வேண்டியவை மூன்று: அவர் நிலையாக இருக்கிறாரா? பிள்ளை சொல்வதைக் கேட்கிறாரா? பிள்ளை பிழை செய்த நாளிலும் முகத்தைத் திருப்பாமல் இருக்கிறாரா?

ஒருவர் என்பது ஆகக் குறைந்த கணக்கு. மூன்று பேர் இருந்தால் மூன்று மடங்கு நிம்மதி.

ஒருவர் பக்கத்தில் இருப்பது ஆறுதல்தான். அதனால் உடம்பில் உண்மையாகவே மாற்றம் நடக்கிறதா?

நடக்கிறது. இதை ஒரு தகப்பன் கொஞ்சம் ஏளனமாகக் கேட்டார், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

பயந்தால் இதயம் வேகமாக அடிக்கும், இரத்தத்தில் கோர்ட்டிசோல் என்ற சுரப்பு ஏறும். ஆபத்தில் ஓடவும் எதிர்க்கவும் உடம்பு செய்யும் ஏற்பாடு அது. ஆபத்து போனதும் தணிந்துவிட வேண்டும். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் சிறுவர் வளர்ச்சியை ஆராயும் மையத்தினர் மன அழுத்தத்தை மூன்றாகப் பிரிக்கிறார்கள். முதல் நாள் முன்பள்ளிக்குப் போவது, ஊசி போடுவது போன்றவை சிறிய அழுத்தங்கள். பிள்ளை வளர அவையும் வேண்டும். மரணம், சுனாமி, இடப்பெயர்வு போன்றவை பெரியவை. அணைத்துக்கொள்ள ஒருவர் இருந்தால் அவற்றையும் பிள்ளையின் உடம்பு தாங்கி மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும். மூன்றாவது வகையை நச்சு அழுத்தம் என்கிறார்கள். அடியும் புறக்கணிப்பும் பயமும் மாதக்கணக்கில் நீடிக்க, தணிக்க ஒருவரும் இல்லாத நிலை. அப்போது சுரப்பு இறங்குவதே இல்லை. வளரும் மூளையையும், நோயை எதிர்க்கும் சக்தியையும், பிற்காலத்தில் இதயத்தையும்கூட அது அரிக்கிறது.

கவனித்தீர்களா? இரண்டாம் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் இடையிலான கோடு பெரும்பாலும் துன்பத்தின் அளவில் இல்லை. பக்கத்தில் ஆள் இருந்தாரா இல்லையா என்பதில் இருக்கிறது.

அந்தத் துணை பெரிய காரியங்களில் தொடங்குவதும் இல்லை. குழந்தை "ங்கா" என்கிறது, அம்மம்மாவும் "ங்கா" என்கிறார். குழந்தை கோட்டைக்குள் மேயும் புள்ளிமானைக் கைகாட்டுகிறது, மாமா "ஓம், மான், குட்டியும் நிற்கிறது பார்" என்கிறார். கொடுத்து வாங்கும் இந்த விளையாட்டில்தான் மூளையின் நரம்பிணைப்புகள் உறுதியாகின்றன. முதல் சில ஆண்டுகளில் ஒவ்வொரு விநாடியும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட புதிய இணைப்புகள் உருவாகின்றன என்பது அந்த மையத்தின் கணக்கு. எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் 1970களில் ஒரு சோதனை செய்தார். குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாயை, இரண்டொரு நிமிடம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் இருக்கச் சொன்னார். குழந்தை முதலில் சிரித்துப் பார்த்தது, கையை நீட்டியது, சத்தமிட்டது. தாயின் முகம் மாறாதபோது பார்வையைத் திருப்பிக்கொண்டு அழுதது. இரண்டொரு நிமிடத்துக்கே அப்படி. கைத்தொலைபேசியில் முகம் புதைத்திருக்கும் நம்மை அந்த இடத்தில் வைத்துப் பார்க்காமல் என்னால் இதை ஒருபோதும் சொல்ல முடிந்ததில்லை.

அப்படியானால் ஒரு நொடிகூடப் பார்வையை எடுக்கக் கூடாதா? மனிதர்களால் முடிகிற காரியமா?

முடியாது, தேவையும் இல்லை. நல்ல தாய்மாரும் குழந்தையும்கூட ஒத்துப்போவது மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் என்பதையும் அதே ட்ரோனிக்தான் கண்டார். மற்ற நேரமெல்லாம் தவறவிடுவதும் திரும்பப் பிடிப்பதும்தான். சினந்துவிட்டு, சிறிது நேரம் கழித்துப் போய் "அம்மா கத்திவிட்டேன், பிழை என்னுடையது" என்று சொன்னால், உறவு அறுந்தாலும் முடிச்சுப் போடலாம் என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று நினைப்பவர்களின் மரியாதை ஏற்கெனவே ஆட்டம் கண்டிருக்கிறது என்பது என் எண்ணம்.

நாங்கள் யுத்தத்தையும் சுனாமியையும் கண்டவர்கள். எங்களுக்கு எந்த ஆலோசகர் இருந்தார்? நாங்கள் வளரவில்லையா?

அதிகம் கேட்கப்படுவதும், கோபத்தோடு கேட்கப்படுவதும் இந்தக் கேள்விதான். கோபம் நியாயமானது. 2004 டிசம்பர் 26 காலையில் மூதூரிலும் கிண்ணியாவிலும் நிலாவெளியிலும் கடல் செய்ததையும், 2006இல் சம்பூர் முழுவதும் வெறுமையானதையும் பார்த்தவர்களுக்குப் பாடம் எடுக்க எனக்குத் தகுதி இல்லை.

ஆனால் இதே கேள்வியைக் கேட்ட சம்பூர் இளைஞர் ஒருவரிடம் நான் திருப்பிக் கேட்டேன்: "இடம்பெயர்ந்து நடந்தபோது உங்கள் கையைப் பிடித்திருந்தது யார்?" அவருக்கு அப்போது பன்னிரண்டு வயது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார், பெரியம்மா என்று. ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரை என்று தெற்கே போன வழியெல்லாம் பனைமரங்களை எண்ணச் சொன்னாராம். எண்ணிக்கை தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். முகாமில் இருந்த காலம் முழுவதும், 2015க்குப் பிறகு ஊர் திரும்பியபோதும், அவனுடைய பாடசாலைக் கொப்பிகளைப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்தவரும் அவர்தான். "அவர் ஆலோசகர் இல்லையே" என்றார் அந்த இளைஞர். இல்லைதான்.

நீங்கள் வளர்ந்தீர்கள் என்றால் பெரும்பாலும் அப்படி ஒருவர் இருந்திருப்பார். அவரை மறந்துவிட்டுத் தாங்கும் சக்தியை நம் சொந்தச் சம்பாத்தியமாக எண்ணிக்கொள்கிறோம். கையைப் பிடிக்க ஒருவரும் இல்லாதவர்களும் நம்மோடு அதே வழியில் நடந்தார்கள். அவர்களில் பலர் இன்று பெற்றோர் கூட்டத்துக்கு வருவதில்லை.

இன்னொன்று. 2008இல் வெளியான ஆய்வொன்று வடக்குக் கிழக்கைச் சேர்ந்த தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகள் 296 பேரை விசாரித்தது. பத்தில் எட்டுப் பேர் யுத்தத்தை நேரடியாக அனுபவித்தவர்கள். வீட்டுக்குள் ஏதாவதொரு வகை வன்முறையைக் கண்டவர்களின் பங்கு அதைவிடவும் அதிகம். யுத்த அனுபவம் கூடிய குடும்பங்களிலும் தகப்பன் குடிக்கும் குடும்பங்களிலும் பிள்ளைக்கு விழுந்த அடியும் கூடியிருந்தது. வெளியே கேட்ட வெடிச்சத்தம் நின்ற பிறகும் அது சில வீடுகளின் உள்ளே ஒலித்துக்கொண்டிருக்கிறது. "எங்கள் பிள்ளைகள் எதையும் தாங்கும்" என்று மேடைகளில் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். தாங்க வைத்துவிட்டுத் தாங்கியதற்காகப் புகழ்கிறோம்.

கண்டிப்பு இல்லாவிட்டால் பிள்ளை கெட்டுப்போகாதா? அடியாத மாடு படியாது என்பார்களே?

மாட்டைப் பற்றிய பழமொழி அது. பிள்ளைக்கு என்று எடுத்து வைத்துக்கொண்டது நாம்.

நானும் அடித்த ஆசிரியர்தான். முதல் பத்து ஆண்டுகள் மேசையில் பிரம்பு இருந்தது. வகுப்பு அமைதியாக இருந்தது, நானும் அதை ஒழுக்கம் என்று நம்பினேன். அந்த அமைதியில் எந்தப் பிள்ளையும் என்னிடம் எதையும் சொன்னதில்லை என்பது பிரம்பை வீசிய பிறகுதான் தெரிந்தது. பாடசாலையில் உடல்தண்டனை கூடாது என்று இப்போது கல்வி அமைச்சின் சுற்றறிக்கையே இருக்கிறது. வீட்டுக்குச் சுற்றறிக்கை வராது.

கண்டிப்பு வேண்டும். படுக்கும் நேரம், படிக்கும் நேரம், பொய் சொன்னால் என்ன நடக்கும் என்பவை நேற்றுப் போலவே இன்றும் இருந்தால் பிள்ளைக்கு அது காலடியில் நிலம் போல. இன்று சிரித்துவிட்டு விட்ட பிழைக்கு நாளை அடிப்பதுதான் நிலத்தை ஆட்டுகிறது. "கோழி மிதித்துக் குஞ்சு சாகாது" என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். சாகாது அம்மா, ஆனால் நொண்டும்.

நான் கட்டாரில் வேலை செய்கிறேன். பிள்ளையை அம்மம்மா பார்க்கிறார். நான் இல்லாதது அவனைப் பாதிக்குமா?

பாதிக்கும். ஆனால் எவ்வளவு பாதிக்கும் என்பது பெரும்பாலும் உங்கள் கையிலும் அம்மம்மாவின் கையிலும் இருக்கிறது.

முதலாவது, பிள்ளை தூங்கும்போது புறப்பட்டுப் போகாதீர்கள். அழுவான் என்று பயந்து பலர் அப்படித்தான் போகிறார்கள். விழித்தெழுந்து தாயைக் காணாத பிள்ளை அதன் பிறகு தூங்கப் பயப்படுகிறது. சொல்லிவிட்டுப் போனால் அழுவான், ஆனால் ஏமாற்றப்பட்டதாக நினைக்க மாட்டான்.

அழைப்புக்கு ஒரு நேரம் வையுங்கள். வாரத்தில் மூன்று நாள் என்றால் மூன்று நாள்தான், ஆனால் தவறக் கூடாது. "சாப்பிட்டாயா, படித்தாயா, அம்மம்மா சொல் கேட்கிறாயா" என்ற மூன்று கேள்விகளோடு முடிக்காமல், நேற்று அவன் சொன்ன பூனைக்குட்டி என்ன ஆனது என்று கேளுங்கள். நினைவு வைத்திருக்கிறீர்கள் என்பதே அவனுக்கு அணைப்பு. வரும் திகதி உறுதியாகும் வரை திகதி சொல்லாதீர்கள். அம்மம்மாவிடமும் ஒன்று சொல்லிவிடுங்கள்: "குழப்படி செய்தால் அம்மா வரமாட்டா" என்று ஒருபோதும் மிரட்ட வேண்டாம். பிள்ளை அதை அப்படியே நம்பும்.

பிள்ளையை ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் சித்தி வீட்டில், பிறகு விடுதியில் என்று கைமாற்றாதீர்கள். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் அனாதை விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளை வைத்து 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், நிலையான வளர்ப்புக் குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் விடுதியில் இருந்தவர்களைவிடத் தெளிவாகத் தேறினார்கள். இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். விடுதியில் உணவும் உடையும் இருந்தன. ஆனால் அங்கே அணைத்தவர்கள் நேர அட்டவணைப்படி மாறிக்கொண்டிருந்தார்கள்.

அம்மம்மாவுக்கும் வயதாகிறது. அனுப்பும் பணத்தில் அவருக்கென்று ஒரு பங்கு இருக்கட்டும், மாதத்தில் ஒருநாள் ஓய்வும்.

என் கணவர் கடலுக்குப் போகிறவர். பிள்ளையோடு இருக்க அவருக்கு நேரமே இல்லை.

வாடைக்காற்றுக் காலத்தில், நவம்பரிலிருந்து ஜனவரி வரை, கடல் கொந்தளிக்கும் நாட்களில் வள்ளம் கரையில்தானே கிடக்கிறது? அப்போது நேரம் உண்டு, காசு இல்லை, அதனால் பொறுமையும் இல்லை. வீடுகளில் சண்டை கூடும் மாதங்கள் அவை என்பதை வகுப்பறையில் பிள்ளைகளின் முகத்தில் பார்த்திருக்கிறேன். வலை பொத்தும்போது மகனையோ மகளையோ பக்கத்தில் இருத்தி ஊசியைக் கொடுக்கச் சொல்லுங்கள். பேச வேண்டும் என்றுகூட இல்லை. பத்து நிமிடம் கை வேலையைப் பகிர்ந்துகொண்டால் பேச்சு தானாக வரும்.

வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால் சின்னப் பிள்ளையிடம் சொல்லலாமா?

சொல்லுங்கள். "தூரப் பயணம் போயிருக்கிறார்", "தூங்குகிறார்" என்பவை அந்த நேரத்துக்கு இலகு. பிறகு பிள்ளை கதவைப் பார்த்துக்கொண்டே இருக்கும், அல்லது தூக்கத்துக்குப் பயப்படும். "அப்பப்பா இறந்துவிட்டார், அவருடைய உடம்பு இனி வேலை செய்யாது, திரும்பி வரமாட்டார், எங்களுக்கும் கவலையாகத்தான் இருக்கிறது" என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்குப் போதும். பிள்ளைகள் தம்மால்தான் நடந்தது என்று இரகசியமாக நினைப்பதுண்டு. அது உன்னால் இல்லை என்று கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

சடங்குகளில் அவர்களுக்கும் ஒரு சின்ன வேலை கொடுங்கள். தாய்க்குக் கிரியை செய்ய இராவணனுக்காக உண்டானது கன்னியா வெந்நீரூற்று என்பது ஐதீகம். ஏழு கிணறுகளிலும் ஏழு விதமான சூடு. முப்பத்தோராம் நாள் அங்கு போகும் குடும்பத்தில் பிள்ளையை வீட்டில் விட்டுப் போகாமல், வாளியை அவன் கையில் கொடுங்கள்.

2021 நவம்பர் 23 காலை குறிஞ்சாக்கேணியில் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் இறந்த பிறகு, அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்று பலர் சொன்னார்கள். எடுக்காமல் விட்டதால் பிள்ளைகள் பேசாமல் இருக்கவில்லை. தங்களுக்குள் பேசினார்கள், உண்மையைவிடப் பயங்கரமாக.

ஒரு வகுப்பில் நாற்பது பேர். ஆசிரியர் எத்தனை பேருக்கு ஆளாக நிற்க முடியும்?

நாற்பது பேருக்கு முடியாது. யாருக்கு வேறு ஒருவரும் இல்லை என்று தெரிந்துகொள்ள முடியும், அவர்கள் மூன்று நான்கு பேர்தான். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வராத நாளுக்கு மறுநாள் "நேற்று உன்னைக் காணவில்லையே" என்று சொல்லுங்கள், அதட்டும் குரலில் இல்லாமல். புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்குக் கீழே போன பிள்ளையோடு அன்றைக்கு ஒரு நிமிடம் அதிகம் நில்லுங்கள். மட்டக்களப்பில் 1996இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று ஒன்றைத் தொடங்கினார்கள். யுத்தம் தொட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் சேர்ந்து களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை சொன்னார்கள். அவசரப்படுத்தாத பெரியவர்கள் கூடவே இருந்தார்கள். எந்தச் சித்திர ஆசிரியரும் தன் பாடவேளையில் அதைக் கொஞ்சம் செய்யலாம்.

மகனுக்குப் பதினைந்து வயது. ஐந்தில் வளையாதது இனியா வளையப் போகிறது?

சின்ன வயது முக்கியம், புக்கரெஸ்ட் ஆய்வு அதைத்தான் சொல்கிறது. ஆனால் கவாயில் பதின்ம வயதில் சறுக்கியவர்களிலும் பலர் முப்பது நாற்பது வயதுக்குள் நிமிர்ந்துவிட்டார்கள். நல்ல துணை, ஒரு தொழில், ஒரு சமயக் கூட்டம், மறுபடி படிக்க ஒரு வாய்ப்பு ஆகியவை திருப்பங்களாக அமைந்தன. பதினைந்து வயதுக்காரனிடம் முகத்துக்கு நேரே இருந்து விசாரித்தால் வாயைத் திறக்க மாட்டான். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து உப்புவெளி வரை போய் வாருங்கள். முகம் பார்க்கத் தேவையில்லாத இடத்தில் அவர்கள் பேசுவார்கள்.

வெளியாள் ஒருவரைப் பிள்ளையோடு பழக விடுவது ஆபத்து இல்லையா?

ஆபத்து உண்டு. நல்ல உறவில் இரகசியம் இருக்காது. "அம்மாவிடம் சொல்லாதே" என்று சொல்பவர், தனியாக வரச் சொல்பவர், காரணமில்லாமல் பரிசு கொடுப்பவர் யாராக இருந்தாலும், சொந்த மாமாவாக இருந்தாலும், மதகுருவாக இருந்தாலும், நான் குறிப்பிடும் ஆள் அவர் இல்லை. சந்தேகம் வந்தால் ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்காமல் 1929ஐ அழையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் அது. கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

என்னாலேயே முடியவில்லை டீச்சர். நான் எப்படிப் பிள்ளைக்குத் தெம்பு கொடுப்பது?

இதைக் கேட்டவர்கள் எல்லோரும் கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டார்கள். தூக்கமில்லை, காரணமில்லாமல் அழுகை, பிள்ளையின் சத்தம் கேட்டாலே எரிச்சல் என்றால் அதுவும் வைத்தியரிடம் காட்ட வேண்டிய நோய்தான். ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். போகக் கூச்சமாக இருந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு அழைக்கலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கிளினிக் நாளில் ஒரு வார்த்தை சொன்னாலும் போதும், வழி காட்டுவார். அதுவரை பிள்ளையை வாரத்தில் இரண்டு பின்னேரம் அக்கா வீட்டில் விடுவதற்கு வெட்கப்பட வேண்டாம்.

பக்கத்து வீட்டுப் பையன் ஒவ்வொரு பின்னேரமும் எங்கள் படலையில் வந்து நிற்கிறான். ஒன்றும் கேட்பதில்லை. என்ன செய்வது?

தேநீர் போடும்போது அவனுக்கும் ஒரு கோப்பை வையுங்கள். அவன் உங்கள் வீட்டில் இருக்கிறான் என்று அவனுடைய தாய்க்கும் சொல்லிவிடுங்கள்.